பக்கத்து வீட்டு வட்டிலப்பம்

1973 ஒக்டோபர் 27, சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவெல்லாம் பெய்த மழை நின்றிருந்தது. அடுப்பை மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்தேன். கணவர் ரொட்டிக்கடையில் பாண் வரிசையில் நிற்கப் புறப்பட்டுப் போனார். ஒரு இறாத்தல் பாணுக்குத் தெருமுனை வரை ஆட்கள் நிற்கும் காலம் அது. முதல்நாள் ஊறவைத்த பயறை அவித்து இறக்கினேன். அவர் அரை இறாத்தலோடு திரும்பி வந்தார். இருவரும் சாப்பிட்டோம். ஏழரைக்கு ஆஸ்பத்திரி மருந்தறையைத் திறந்து, மேசையைத் துடைத்து, அளவுக் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சனிக்கிழமை அரைநாள் வேலைதான்.

பதினேழு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை, வேலை, சமையல், மாதா கோயில் பூசை என்று எப்போதும் ஒரே ஒழுங்கு. மனதில் பட்டதை அதில் எழுதுவதில்லை. அன்றைய பக்கத்தில் மட்டும் ஒரு வரி ஒழுங்கை மீறிக் கிடக்கிறது: ‘இன்று மருந்தறையில் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.’

நடந்தது சிறிய விஷயம். குருநாகலிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் ஆறேழு மாதமாக என்னோடு வேலை செய்தாள். என்னை விடப் பத்து வயது இளையவள். வந்த நாள் முதல் “அக்கா மாதிரி வேலை பழகணும்” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கும் அது இனிப்பாக இருந்தது. நான் கலக்கும் இருமல் மருந்தில் அடியில் மண்டி தங்காது என்று வார்டுகளில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அவள் கலந்ததில் தங்கும். சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுப்பேன். அன்று காலை டொக்டர் ஒரு போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, என் பக்கம் திரும்பி, இது மிஸ் கலந்தது, பார்த்தாலே தெரிகிறதே என்றார். அது நான் கலந்ததல்ல. அவள் கலந்தது.

“இவங்கதான் கலந்தாங்க, டொக்டர்” என்றேன். அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்து ஒரு சொல் வருமென்று காத்திருந்தாள். “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி, ஏற்கெனவே கழுவியிருந்த குவளைகளை மறுபடி கழுவத் தொடங்கினேன். அதற்குப் பிறகு மணி பன்னிரண்டு அடிக்கும் வரை அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு மெயின் வீதி வழியாக நடந்தேன். தீபாவளி அந்த வாரந்தான் முடிந்திருந்தது. இப்போது நோன்புப் பெருநாளுக்காகப் புடைவைக் கடைகளில் கூட்டம். கூட்டத்தைப் பார்த்தபடியே நடந்தேன். மனம் முழுக்க என் பக்கத்து வீட்டு ராத்தாதான் இருந்தார். ‘நல்லா இருக்கு’ என்ற அந்தச் சொல்லை, அதே தட்டையான குரலில், பல வருடங்களுக்கு முன்பு அவர் என்னிடம் சொல்லியிருந்தார். அது ஏன் என்று அன்றைக்கு மத்தியானம்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். ஓட்டுக் கூரையும் ஒன்றுதான். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்முவோம். அப்பா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்தவர். 1951இல் கலியாணம் முடித்து அங்கிருந்து மாத்தளை டவுனுக்கு வந்தபோது எனக்கு இங்கே யாரையும் தெரியாது. பக்கத்து வீட்டில் புடைவைக்கடை முதலாளியும் அவர் மனைவியும். அவர்கள் குடும்பம் மாத்தளையில் எத்தனை தலைமுறை என்று அவர்களுக்கே தெரியாது. அந்த மனைவி என்னை விட நாலைந்து வயது மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவது போல நானும் ராத்தா என்று கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்வதால் அவருக்கு நான் முதல் நாளிலிருந்தே மிஸ்.

நான் வந்த வருடத்துப் பெருநாளன்று, பின்னல் துணி மூடிய ஒரு பீங்கானில் வட்டிலப்பம் வந்தது. கித்துல் கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப்பால், வாசனைக்கு ஏலக்காய், அவ்வளவுதான் அதில். தோட்டத்தில் அதைச் சாப்பிட்டிருந்தாலும், இப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை. கரண்டி போன இடம் அப்படியே வழுவழுவென்று நின்றது. வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பதால் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழத்தை வைத்துக் கொடுத்தேன். பின்னேரம், இரண்டு வீட்டுக் கிணற்றடிகளுக்கும் நடுவே வேலியில் இருந்த இடைவெளி வழியாக ராத்தாவே வந்துவிட்டார்.

“மிஸ், வட்டிலப்பம் எப்பிடி?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க.”

“நல்லாரிக்கின்டு ஊரே செல்லுது. நீங்க மருந்து அளக்கிறவங்க. ஒழுங்கா செல்லுங்க.”

எனக்குப் பயமாக இருந்தது. பெருநாளும் அதுவுமாக ஒருவர் கொடுத்த பண்டத்தில் குறை சொல்வதா? ஆனாலும் அவர் இடுப்பில் கையை வைத்து நின்ற நிலை என்னைச் சொல்ல வைத்தது. “ஏலக்காய் ஒரு துளி முந்திக்கிட்டு நிக்குது. அதுக்குப் பின்னால சாதிக்காய் வரணும், வரல.”

ராத்தா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து தொடையில் அடித்துச் சிரித்தார். “அல்லாவே! ஏலக்காய் கூடிட்டுன்டு எனக்கும் தெரியும் மிஸ். காலேலருந்து பயந்துக்கிட்டு இரிக்கன். எங்கட ஊட்டுல இத்தின பேர் திண்டாங்க, ஒருத்தருக்காச்சும் வெளங்கிச்சா? எரும மாடுகள்!”

அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு பெருநாளும், நடுவில் விருந்தாளி வரும் நாட்களும், பீங்கான் எங்கள் வீட்டுக்கு வரும். பின்னேரம் ராத்தாவும் வருவார். கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து என் தீர்ப்பைக் கேட்பார். குறை சொன்னால் வாதாடுவார். குறை இல்லை என்றால், “யோசிச்சி செல்லுங்க, அவசரப்படாதீங்க” என்பார். ஒரு குறையும் இல்லாத வருடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கூடப்பிறந்த சகோதரி இல்லை. அந்தக் கிணற்றுக்கட்டில்தான் ஒருத்தி கிடைத்தாள்.

எனக்கும் அதைச் செய்யக் கற்றுத் தாருங்கள் என்று நான்தான் கேட்டேன். ராத்தா ஒரு கணமும் யோசிக்கவில்லை. வாங்க, பக்கத்துல வந்து உட்காருங்க என்றார். கருப்பட்டியைக் கையால் உடைத்துப் போடுவார். எவ்வளவு என்று கேட்டால், “இந்தச் சட்டிக்கு இவ்வளவு” என்பார். எனக்குக் கண்ணால் அளந்துகொள்ளும் பழக்கம் உண்டு; அளவு சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. ஆனால் என் வீட்டில் செய்யும்போதெல்லாம் திரிந்துபோகும். முட்டை தனியாக, பால் தனியாக, அடியில் தண்ணீர் நிற்கும். கொண்டுபோய்க் காட்டுவேன். ராத்தாவுக்கு அது ஒரு கொண்டாட்டம்.

“இது என்ன மிஸ், ஒங்கட ஆஸ்பத்திரில வயித்தால போறவங்களுக்குக் குடுக்கிறதா?”

“நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன் ராத்தா.”

“செஞ்சீங்க. முட்ட ரசம் நல்லா வந்திரிக்கி.” பிறகு என் முகம் வாடுவதைப் பார்த்து, தோளில் தட்டுவார். “உடுங்க. ஒங்களுக்கு மருந்து, எனக்கு இது. அல்லா பிரிச்சித்தான் குடுத்திரிக்கான்.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். என்னைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். “எங்கட மிஸ் இங்கிலீசுல பேர் எழுதின போத்தல் நூறு இரிந்தாலும் கண்ண மூடிட்டு எடுப்பாங்க” என்பார். இங்கிலீஷ் போத்தல் என் பக்கம். வட்டிலப்பம் அவர் பக்கம். நடுவில் கிணற்றுக்கட்டு. இந்தப் பிரிவினை இருக்கும் வரை இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் மெச்சுவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

இப்படி வருடங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். கருப்பட்டியை உருக்கி, துணியில் வடித்து, சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, வழக்கம் போல, “தொழுதிட்டு வாறன் மிஸ்” என்று எழுந்தார். அவர் தொழும் நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர் அடுப்படியில் மறுபடி சத்தம் கேட்டுத் திரும்பிப் போகும்போது முட்டையும் பாகும் கலந்திருக்கும். அன்றைக்கு ஓட்டில் கல் விழுவது போல மழை. முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. அடுப்படியிலேயே இருந்தேன். சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாகின் ஆவி குறைந்தது. மேலே மெல்லிய ஆடை படிந்தது. சும்மா கையை வைத்துப் பார்த்தேன். சட்டி ஆறியிருந்தது.

ராத்தா எதையும் ஒளிக்கவில்லை. பாகை ஆற வைக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. அவர் உம்மாவும் அப்படித்தான் நடுவில் தொழப் போயிருப்பார். தொழுகையை யாராவது சமையல் பக்குவத்தில் சேர்த்துச் சொல்வார்களா? நானோ சூட்டோடு சூடாக முட்டையில் ஊற்றி, வருடக்கணக்காகத் திரிய வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் எங்கள் கிறிஸ்மஸான நத்தாருக்கு முதல்நாள் பாகை வடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழு ஜெபமாலை சொன்னேன். பிறகு கலந்தேன். வட்டிலப்பம் கரண்டி போன இடத்தில் வழுவழுவென்று நின்றது.

கேக்கும் கொக்கிஸ் பலகாரமும் வைத்து அனுப்புவதுதான் எங்கள் நத்தார் வழக்கம். அன்று அவை எதையும் வைக்கவில்லை. ராத்தாவின் பீங்கான் ஒன்று எங்கள் வீட்டில் நின்றிருந்தது. அதிலேயே வட்டிலப்பத்தை வைத்து, அவர் மூடுவது போலவே துணியால் மூடி, நானே கொண்டு போனேன். கலேவெலயிலிருந்து முதலாளியின் தங்கைமார் இரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

“மதினி, வட்டிலப்பம் செஞ்சத செல்லவே இல்லையே” என்றார் மூத்தவர்.

“நான் செய்யல்ல. மிஸ் கொண்டாந்தது.”

“பொய் செல்லாதீங்க. இது ஒங்கட கைதானே!”

முதலாளி இன்னொரு கரண்டி எடுத்தார். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. “கண்ண மூடிட்டுத் திண்டா ரெண்டும் ஒண்டுதான். எப்பிடி மிஸ் புடிச்சீங்க?”

நான் சொன்னேன். வகுப்பில் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த பிள்ளையைப் போலச் சொன்னேன். ராத்தா தொழப் போகும் நேரத்தில் பாகு ஆறுகிறது, எல்லாம் அதில்தான் இருக்கிறது, நானும் ஜெபமாலை சொல்லி ஆறவைத்தேன் என்று. தங்கைமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி, “அப்ப இவட கையில ஒண்டுமில்ல! நான் இத்தின வருசம் கைப்பக்குவம்டு நெனச்சிக்கிட்டு இரிந்தன், எல்லாம் அல்லாட வேலை!” என்றார்.

ராத்தாவும் சிரித்தார். சிரித்தபடியே கரண்டியைப் பீங்கானின் ஓரத்தில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன குறை சொல்லப் போகிறார் என்று கேட்க அத்தனை ஆசை எனக்கு. சாதிக்காய் கூடிவிட்டது என்று சொல்லட்டும். எருமை மாடு என்று திட்டட்டும்.

“நல்லாரிக்கி மிஸ்” என்றார்.

அவ்வளவுதான். அடுத்த பெருநாளன்று பீங்கான் வந்தது. பின்னல் துணியைத் தூக்கினால் உள்ளே கடையில் வாங்கிய மஸ்கட் அல்வா, சதுரம் சதுரமாக. அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த அவர் மகள், சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பது போலச் சொன்னாள்: “மிஸ்ட ஊட்லயே நல்லாச் செய்றாங்க, நாம என்னத்துக்கு அனுப்பன்டு உம்மா சென்னாங்க.”

சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். சண்டையே இல்லை. தெருவில் கண்டால் நின்று சுகம் விசாரிப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்தனுப்பினார். கிணற்றடிக்கு மட்டும் வரவில்லை. பெருநாள் தவறாமல் மஸ்கட் வந்தது. நான் வட்டிலப்பம் செய்வதை விட்டுவிட்டேன். ஒருமுறை கோயில் சந்தியில் வைத்து, “எனக்கு இப்ப சரியா வர்றதில்ல ராத்தா” என்று பொய்கூடச் சொல்லிப் பார்த்தேன். நிதானமாக என்னைப் பார்த்தார். “வரும் மிஸ். ஒங்களுக்கு வரும்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் முதல்நாள் பிறை கண்ட பிறகு, சுவருக்கு அப்பால் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். பிறகு கருப்பட்டி உருகும் வாசம் ஓட்டுக்கு அடியால் இந்தப் பக்கம் வரும். பிறகு அமைதி. தொழப் போயிருக்கிறார், சட்டி தரையில் ஆறிக்கொண்டிருக்கிறது. நான் என் வேலையை நிறுத்திவிட்டு, அவர் திரும்பி வரும் வரை என் அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். கணவர் ஒருமுறை, “என்ன யோசனை?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பக்கத்தில் இருப்பவருக்காக ஏங்குவதை எப்படிச் சொல்வது? தூரத்தில் இருந்தால் கடிதமாவது போடலாம்.

அந்த ஏக்கத்தில் கொஞ்சம் கோபமும் இருந்தது. நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்று தோன்றும். அவர் வட்டிலப்பம் அவரிடம்தானே இருக்கிறது? 1973இல் அந்தச் சனிக்கிழமை மருந்தறையில் நின்றபோதுதான், ஒன்றும் எடுக்கப்படாமலேயே கை வெறுமையாகிப் போவது எப்படி என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் என் போத்தலை எடுக்கவில்லை. நான் நாளைக்கும் அதே போலக் கலக்கலாம். ஆனாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த அந்தப் போத்தலைக் கண்டதும், இனி யார் என்னைத் தேடுவார்கள் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அன்று பின்னேரம் தெருப் பையன்கள் பள்ளிவாசல் பக்கம் பிறை பார்க்க ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் சீனவெடிச் சத்தம். பிறை கண்டாயிற்று. நான் விளக்கை ஏற்றி, ஜெபம் சொல்லி, அடுப்படியில் உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் சத்தம் வரவில்லை. சோறு வடித்தேன், அப்போதும் இல்லை.

பின்கதவில் தட்டினார்கள். ராத்தாவின் மகள். இப்போது பெரியவள், அடுத்த மாதம் கலியாணம். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மிஸ், உம்மா முந்தாநாள் கிணத்தடில வழுக்கி விழுந்திட்டாங்க. வலது கை மணிக்கட்டு. நாட்டு வைத்தியம் பாக்கிற வெதமாத்தயா பத்துப் போட்டுக் கட்டிரிக்கார். வெரல மடக்க ஏலா.”

ஒரு சுவர்தான் நடுவில். நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“யட்டவத்தயிலருந்து கருப்பட்டி எடுத்து வெச்சிரிக்கி. முட்டையும் இரிக்கி. எனக்குச் செய்ய வராது மிஸ். நாளைக்கிக் கலேவெல மாமிமார் வாறாங்க. வட்டிலப்பம் இல்லாம எங்கட ஊட்டுல பெருநாளே வந்ததில்ல. உம்மா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் படுத்திரிக்காங்க. நீங்க செஞ்சி தாங்களேன். ஒங்கடதும் உம்மாடதும் ஒண்டுதானே. மாமிமாருக்கு வித்தியாசமே தெரியாது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உம்மாக்குச் செல்லாம வந்தன்.”

வித்தியாசமே தெரியாது. அதுதான் பிரச்சினை என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வேன்? என் அடுப்பில் செய்து பின்கதவால் கொடுத்தனுப்பினால், நாளைக்கு அதே தங்கைமார் அதே சொல்லைச் சொல்வார்கள். ராத்தா சிரித்தபடி கரண்டியை ஓரத்தில் வைப்பார். செய்யாமல் விட்டால் அந்த வீடு முதல் தடவையாக வட்டிலப்பம் இல்லாமல் நிற்கும். இரண்டில் எது நடந்தாலும் அவர் எனக்கு இல்லாமலே போய்விடுவார் என்று தோன்றியது.

“வா, போவோம்” என்றேன். கணவரிடம் சோறு போட்டுச் சாப்பிடச் சொல்லிவிட்டு, வேலி இடைவெளியால் நடந்தேன். புல் முளைத்திருந்தது.

ராத்தா எழுந்து வந்து அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் மகளைத்தான் பார்த்தார்.

“யார் ஒன்ன கூப்பிடச் சென்ன?”

மகள் மெதுவாக உள்ளே நழுவினாள்.

“வாங்க மிஸ். சாமான் எல்லாம் அந்தப் பெட்டில இரிக்கி. ஒங்கட ஊட்டுக்கே கொண்டு போங்க. அங்கதானே ஒங்களுக்கு வசதி.”

“இங்கதான் செய்யப் போறேன் ராத்தா. நீங்க சொல்லுங்க.”

“ஒங்களுக்குச் செல்ல என்ன இரிக்கி? எனக்கே தெரியாதத நீங்கதானே எனக்குச் செல்லித் தந்தீங்க.”

இத்தனை வருடம் கழித்து அது வெளியே வந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்; வேறொன்று வந்துவிட்டது.

“இன்னைக்கி மருந்தறையில ஒரு புள்ள, நான் கலக்குற மாதிரியே மருந்து கலந்துட்டா. டொக்டரே ஏமாந்துட்டாரு. எனக்கு அதுக்கப்புறம் அவ மூஞ்சியப் பாக்கவே புடிக்கல, ராத்தா.”

அடுப்பில் விறகு வெடித்தது.

“அவள்ட்ட என்ன சென்னீங்க?”

“நல்லா இருக்குன்னு சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்தார். வாயோரம் கொஞ்சம் துடித்தது. சிரிப்பா வேறெதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. “பாவம் அந்தப் புள்ள” என்றார். பிறகு இடது கையால் கருப்பட்டியை என் பக்கம் தள்ளினார். “ஒடைங்க. சின்னதா.”

தேங்காயை நான் துருவினேன், நான் பிழிந்தேன். அவர் முக்காலியில் இருந்தபடி கட்டளையிட்டார். கருப்பட்டியைப் போட்டு நிறுத்தினேன். “இன்னும்” என்றார். என் கணக்குக்கு அது போதும். “இன்னும் போடுங்க மிஸ்.” போட்டேன். உருக்கி, வடித்து, சட்டியைத் தரையில் இறக்கினேன். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ராத்தா சுவரைப் பிடித்து எழுந்தார். நான் அசையவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி, “இரிங்க. ஓடிறாதீங்க” என்றார்.

சட்டி ஆறியது. முட்டையை அடித்துக் கலந்தோம். ஏலக்காயும் சாதிக்காயும் அவரே இடது கையால் கிள்ளிப் போட்டார். ஆவியில் வைத்து இறக்கியதும் தட்டைப் போட்டு மூடினார். யாருக்கும் ருசி பார்க்கக் கொடுக்கவில்லை. நான் கிளம்பும்போது, “மிஸ்ஸுக்குக் கரச்சல் குடுத்திட்டம்” என்றார். தெருவில் பேசுகிற அதே மரியாதைக் குரல். வேலியைக் கடக்கும்போது, நான் நினைத்தது நடந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நாட்குறிப்பில், ‘ராத்தா வீட்டில் வட்டிலப்பம் செய்தோம்’ என்று மட்டும் எழுதினேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

பண்டிகை கொண்டாடும் வீட்டிலிருந்துதான் பலகாரம் வரவேண்டும். போய்க் கேட்பது எங்கள் இரண்டு வீட்டு வழக்கத்திலும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக, பூசைக்கு உடுத்த சேலையோடு, அவர் பின்வாசலில் போய் நின்றேன். ஆண்கள் பெருநாள் தொழுகைக்குக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

“ராத்தா, எனக்கு வட்டிலப்பம் வேணும்” என்றேன்.

“இப்பவா? நீங்க கோயிலுக்குப் போகல்லயா?”

“போகத்தான் போறேன். குடுங்க.”

பூசைக்குப் பத்து நிமிடந்தான் இருந்தது. சாப்பிட்டால் அன்று நற்கருணை வாங்க முடியாது. அவருக்கும் அது தெரியும். எங்கள் நோன்புகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டு, மூடியிருந்த தட்டைத் தூக்கி, இடது கையால் கோணலாக வெட்டி, ஒரு சின்னக் கோப்பையில் போட்டுத் தந்தார். வாசற்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கருப்பட்டி கூடிப்போச்சு, ராத்தா.”

அவர் கோப்பையிலிருந்து தானும் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“கூடல்ல” என்றார். “ஒங்கட நாக்குக்குத்தான் வயசாவுது, மிஸ்.”

நான் இன்னொரு துண்டு கேட்டேன்.